இரண்டு கிலோமீட்டர் முன்னூறு

டச்சுக்குடாக் கரையில், தேநீர்க்கடை வாங்கில்,
மாலுபாண் சுற்றிவந்த தாளை நீவி விரித்துத்
திட்டம் எழுதுகிறோம்.
போக இரண்டு கிலோமீட்டர் முன்னூறு.
வரவும் அதே தூரம், ஆனால் வெயில் கூட,
அதைத் தனிக் கணக்காய் எழுது என்கிறாள் ஹில்மியா.
கிண்ணியா ஆஸ்பத்திரியில் இரத்தம் அளப்பவள்,
துளி பிசகினாலும் பொறுக்கமாட்டாள்.
ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர்.
'நாலு' என்கிறாள்.
நாலு.

இடம் ஈச்சிலம்பற்றுக்கும் உள்ளே.
மணல், ஈச்சம்பற்றை, மறுபடி மணல்,
மரமென்று சொல்ல ஒரே ஒரு பாலை, அதுவும் பாதி கருகியது.
பிறகு பாறை.
பாறை முடிகிற விளிம்புக்குக் கீழே
மூன்று பனை ஆழத்தில்
ஆறு கல்லைப் பிளந்துகொண்டு போகிறதாம்.
'போகிறதாம்' யோகபவனின் உபயம்.
அவன் பார்த்தது கைபேசியில், வானத்திலிருந்து எடுத்த படம்.
படத்தில் ஆறு நல்ல நீலம்.
ஆவணி மாதத்து ஆற்றைச் செய்மதியிடம் கேட்கக்கூடாது.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நாலரை.
ஆறரைக்கு மணலில் கால்.
பத்துக்குள் வானுக்குத் திரும்பாவிட்டால்
சப்பாத்தின் அடி உருகிவிடும் என்கிறேன்.
கொஞ்சம் மிகைதான்.
நில அளவைக் கந்தோரில் கோடு போடுகிறவள் நான்,
மிகைப்படுத்த எனக்கு வேறு இடமில்லை.

யானை?
'விடியக்குள்ள தண்ணி குடிக்க வரும்.'
'அப்ப ஏழு மணிக்கு இறங்குவம்.'
'ஏழு மணிக்குத்தான் குடிச்சிட்டுத் திரும்பும்.'
யானைக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டு
அடுத்த வரிக்குப் போனோம்.

'கச்சான் நான் கொண்டுவாறன்' என்றான் யோகபவன்.
'கொண்டுவரத் தேவையில்ல, அது தானா அடிக்கும்.
தலைக்குத் துணி கட்டு.'
கொறிக்கிற கொட்டைக்கும் கொளுத்துகிற காற்றுக்கும்
ஒரே பெயர் வைத்துப் பிழைக்கிற ஊர்.
அவன் கோதை உடைத்தபடி
இரண்டையும் எழுதினான்.

அதுவரை பேசாதிருந்த சுதர்மலர்
தாளைத் தன் பக்கம் திருப்பினாள்.
'மணல் முடியிற இடத்தில வழி ரெண்டாப் பிரியும்.
இடப்பக்கம் போகாதீங்க, முழுக்க முள்ளு.'

நீ போயிருக்கிறாயா?

'பதினொரு வயசில. ராவில.
நாங்க கீழால போனது, ஆத்துக்குள்ளால.
அப்ப மாரி. தண்ணி நெஞ்சு மட்டும்.
தம்பி என்ட தோளில.
வெளிச்சம் பிடிக்கேலாது, நிமிந்து பாக்கவும் விடேல்ல.
மேல இப்பிடி ஒரு பாறை இருக்கெண்டு
இண்டைக்குத்தான் தெரியும்.'

கடல் ஒருதரம் வந்து போனது.
கடைக்காரர் எங்கள் கோப்பைகளை எடுத்துப் போனார்.
என்ன கேட்பதென்று தெரியாத ஹில்மியா
தனக்குத் தெரிந்ததைக் கேட்டாள்:
'குடிக்க எவ்வளவு கொண்டுபோனீங்க?'

சுதர்மலர் சிரித்துவிட்டாள்.
'கழுத்து மட்டும் தண்ணிக்குள்ள நிண்டம், பிள்ள.
போத்தல் எதுக்கு?'
நெஞ்சு கழுத்தானதை நான் கவனித்தேன்.
கோட்டைத் திருத்துகிற கை என்னுடையது,
திருத்தவில்லை.

பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்று:
'மேல போய்ச் சேர்ந்தாப் பிறகு
அரை மணித்தியாலம் சும்மா இருக்கோணும்.
படம் எடுக்க இல்ல. சும்மா.
கணக்கில போடுங்க.'

எந்த நிரலில் போடுவதென்று ஹில்மியா யோசிக்கையில்
கோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்த புள்ளிமான்,
இந்த ஊரில் யாருக்கும் பயப்படாத மான்,
கச்சான் கோதை மணந்து பார்த்து, ஒதுக்கி,
மாலுபாணின் எண்ணெய் ஊறிய மூலையைக் கவ்வியது.
இழுத்தோம். கிழிந்தது.
எங்கள் பாதியில் தண்ணீர், யானை, நாலரை.
அதன் பாதியில்
திரும்பி வரும் நேரம்.

மென்றுகொண்டே எங்களைப் பார்த்தது.
'விடு' என்றாள் சுதர்மலர்,
மீதி கோதையும் அதன் முன் கொட்டினாள்.