அரைக்கக் கூடாது

இரவு பதினொன்றே காலுக்கு ஒரு குப்பி வந்தது,
உப்புநீரில் நாலு சதைத் துணுக்குகளோடு.
பெரியது ஒரு துவரம்பருப்பு இருக்கும்.
சீட்டில்: முனிரத்தினம், 47, அணைக்கட்டு.
சர்க்கரை 468. வலது மூக்கு, மேலண்ணம், கறுப்பு.
கறுப்பு என்பதன் கீழ்
இரண்டு கோடு இழுத்திருந்தார் டாக்டர் அபிஷா.

மற்ற சதையென்றால் உரலில் இட்டு அரைப்போம்.
இதை அரைக்கக் கூடாது.
இந்தப் பூஞ்சையின் இழைக்குள் தடுப்புச் சுவர் கிடையாது,
ஓரிடத்தில் நசுங்கினால் மொத்தமும் ஒழுகிச் செத்துவிடும்.
ஆளுக்குள் எலும்பைத் தின்னும்,
ஆய்வகத்தில் ஓர் உலக்கை இடி தாங்காது.
வேலைக்குச் சேர்ந்த வருடம் நான் ஒருமுறை அரைத்துவிட்டேன்.
பத்து நாள் தட்டு வெறுமையாகவே இருந்தது.
அந்த மாதிரியின் எண் இன்னும் தெரியும்.
சொல்ல மாட்டேன்.

பிளேடால் நறுக்கினேன்.
பொட்டாஷ் ஒரு சொட்டு, மேலே கண்ணாடிச் சில்லு.
சதை கரையப் பத்து நிமிடம்.
சன்னலுக்கு வெளியே வங்காளி எழுத்துப் பலகையுள்ள லாட்ஜ்,
அதன் வாசலில் ஒருவர் எக்ஸ்ரேயைத் தெருவிளக்குக்குக் காட்டி
தானே படித்துக்கொண்டிருந்தார்.
மே மாதம். மலைப் பாறையெல்லாம்
பகலில் வாங்கிய வெயிலைத் திருப்பித் தந்துகொண்டிருந்தது.

பிறகு, லென்சின் கீழ்,
பள்ளிக்கூடம் விட்டதும் அவிழ்ந்து விழுந்த ரிப்பன்கள்.
அகலமாய், அங்கங்கே மடங்கி,
சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டில் குறுக்குத் தெரு பிரிவதுபோல
நேர்கோணத்தில் கிளை பிரிந்து.

போனில் சொன்னேன்: அகலம், தடுப்பில்லை, நேர்கோணம்.
"வளர்ந்து வரட்டும்னு காத்திருக்க வேணாமா?"
"வேணாம் மேடம். அது வளர்றது அங்க."
அந்தப் பக்கம் மருந்து அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது.

மஞ்சள் மருந்து. உப்புத் தண்ணீரில் கலந்தால் திரிந்துவிடும்,
குளுக்கோஸில்தான் இறங்க வேண்டும்.
சர்க்கரைக்காரன் கையில் சர்க்கரைத் தண்ணீர்,
இன்னொரு கையில் இன்சுலின்.
குளிர் தூக்கிப்போட்டதாம்.
வேலூர் மே மாதத்தில் நாலு கம்பளி.

மீதியை அபிஷா கேன்டீனில் சொன்னார்.
தண்ணி லாரி ஓட்டுபவர்.
சர்க்கரை மாத்திரை தீர்ந்து மூணு மாதம்.
இரைப்புக்கு ஒடுகத்தூரில் யாரோ போட்ட ஊசி ஆறு,
என்ன ஊசி என்று கேட்டதற்கு "வெள்ளையா இருந்துச்சி."
பல் ஆடியது. பிடுங்கப் போன இடத்தில்
பல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு,
காசு வாங்காமல், தானே வந்து பஸ் ஏற்றிவிட்டாராம்.

விடியற்காலை கண்ணையும் எடுக்க வேண்டும் என்றபோது
பிழைப்பேனா என்று அவர் கேட்கவில்லை.
"ஒத்தக் கண்ணுக்கு லாரி லைசென்சு குடுப்பாங்களா?"
தனபாக்கியம், அவர் மனைவி,
கையெழுத்துப் போட்ட பேனாவைத் திருப்பித் தராமல் கேட்டிருக்கிறார்:
"எடுத்த கண்ண இன்னா பண்ணுவீங்க?"
யாரும் பதில் சொல்லவில்லையாம்.
எனக்குத் தெரியும். பக்கத்து மேசைக்கு வந்தது.

இரண்டாம் நாள் காலை தட்டைத் திறக்கப் போனேன்,
அதுவே திறந்துகொண்டிருந்தது.
சாம்பல் பஞ்சு, விளிம்புவரை முட்டி,
மூடியை ஒரு நூலளவு தூக்கி நின்றது.
எல்லாம் முடிந்தபின் வந்து
வாசலிலிருந்தே பேசிக்கொண்டு நுழையும் உறவுக்காரன் மாதிரி.
பெயரைப் பதிவேட்டில் எழுதினேன்.
மூடியை அழுத்தி, சுற்றிலும் டேப் ஒட்டினேன்.

அதன்பின் எனக்கு அவர் தினமும் ஒரு குழாய் ரத்தம்.
சிறுநீரகக் கணக்கு 1.1, 1.4, 1.9.
பொட்டாசியம் சரிந்தது, ஏற்றினார்கள், மறுபடி சரிந்தது.
இன்னொரு அறுவை. அந்த நான்கு துணுக்கிலும்
ரிப்பன் தேடி ஒரு மணிநேரம் உட்கார்ந்தேன்.
மூன்றில் இல்லை.

பதினோராம் நாள்: 1.6.
சீட்டின் பின்பக்கம் அபிஷா கிறுக்கியிருந்தார்,
அண்ணத்துக்குத் தகடு அளவெடுத்தாச்சு.
டீ மூக்கு வழியா வருதுன்னு சண்டை போடுறார்.