பூஜ்யத்துக்கு ஒரு பெட்டி

வரி கிடையாது என்பது வேறு.
வரி உண்டு, அது பூஜ்யம் என்பது வேறு.
ஜெபசிங் சாருக்கு இதை
ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
"ரெண்டும் ஒண்ணுதாம்வே" என்பார்.
ஒன்றல்ல.
படிவத்தில் பூஜ்யத்துக்கு நான்காம் பெட்டி,
விலக்குக்கு ஐந்தாம் பெட்டி.
நான்கில் உட்கார்ந்தால்
வாடகைக்கும் இணையத்துக்கும் கட்டிய வரி திரும்பி வரும்.
ஐந்தில் உட்கார்ந்தால்
போனது போனதுதான்.

ஷார்ஜா ரோலாவில்
துணிக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
நாலு பையன்கள்
நார்வே மீன் பண்ணைகளுக்கு நிரல் எழுதுகிறார்கள்.
எந்தக் குளிருக்கு எத்தனை கிலோ தீவனம்
என்று அது சொல்லும்.
ஒருவனும் சால்மனை உயிரோடு பார்த்ததில்லை.
லிண்டோ மட்டும் சூப்பர் மார்க்கெட்டில்
ஐஸின் மேல் பார்த்திருக்கிறான்.

சட்டம் கேட்பது இதைத்தான்:
வேலை நடந்தபோது வாங்கியவர் எங்கே இருந்தார்?
நாட்டுக்கு வெளியே என்றால் பூஜ்யம்,
உள்ளே என்றால் நூற்றுக்கு ஐந்து.
ஒரு மாதத்துக்குள் வந்து திரும்பி,
வந்ததும் இந்த வேலையாக இல்லையென்றால்
கண்டுகொள்ளாது.
சட்டத்துக்கும் விருந்தோம்பத் தெரியும்,
இத்தனை நாள் என்று ஒரு கணக்கோடு.

பேர்கன் தவநேசன்.
பில் முப்பத்தெட்டாயிரம் திர்ஹம்.
கம்பெனி கிடையாது, தனி ஆள்.
அவர் உடம்பு எங்கேயோ
அங்கேதான் அவர் வியாபாரமும்.
நான்காம் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன்.

இருபத்தாறாம் தேதி ராத்திரி,
தாக்கலுக்கு இரண்டு நாள் இருக்க,
பையன்களின் வாட்ஸாப் குழுவில் வேறெதையோ தேடினேன்.
தவநேசன் வந்தார்,
நம் அலுவலகத்தில், நம் நாற்காலியில்,
கையில் கரக் டீயோடு.
பின்சுவரில் தினக்காலண்டர் ஐந்து என்கிறது.
இன்னொரு படத்தில்
அடுத்த மாதம் பத்து.
டீ கிளாஸ் அதேதான்.

"பாக்காத மாதிரி விடும்வே" என்றார் சார்.
"எவன் வந்து காலண்டரை எண்ணப் போறான்?"
நான் எண்ணிவிட்டேனே.
எண்ணியதை எண்ணாததாக்க
அந்தப் படிவத்தில் பெட்டி இல்லை.

தவநேசனுக்கு எழுதினேன், சுற்றி வளைத்து.
அண்ணே, இங்கே எத்தனை நாள்?
நடுவில் மஸ்கட்டுக்கு எங்காவது போய் வந்தீர்களா?
ஒரு மாதத்துக்குள் அடங்குமா?
பதிலை அவர் வாயில் ஊட்டித்தான் கேட்டேன்.

விடிகாலையில் வந்தது:

"தம்பி இசக்கியப்பன்,
நாப்பத்திமூண்டு நாள்.
அம்மாவை வல்வெட்டித்துறையிலயிருந்து கூப்பிட்டு
அல் நஹ்தாவில பிளாட் எடுத்து வைச்சிருந்தனான்.
எனக்கு அங்க போகேலாது,
அவவுக்கு இங்க விசா குடுக்கினமில்லை.
நடுவில உங்கட ஊர்தான் கிடந்தது.
உங்கட வேலைக்கு ஓம் சொன்னதும்
அந்தக் குசினிக்குள்ள இருந்துதான்.
ஒரு நாளையும் குறைக்காதேங்கோ.
வரியை அனுப்புறன்.
புது இன்வாய்சைத் தாளில அடிச்சு, சீல் குத்தி,
தபாலில விடுங்கோ. மெயில் வேண்டாம்."

ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
வங்கிக் கட்டணம் போக வந்து சேர்ந்தது
ஆயிரத்து எண்ணூற்றுப் பதினேழு.
மிச்சத்தை சார் கணக்கில் எழுதினேன்.
பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

ஐந்து சதவீதம் விழுந்த விற்பனை
எந்த எமிரேட்டில் நடந்தது என்று காட்ட வேண்டும்.
முதல் பெட்டியில் அதற்கு ஏழு வரிசை.
தவநேசனை நான்கிலிருந்து தூக்கி
ஷார்ஜா என்ற வரிசையில் இறக்கினேன்.
இத்தனை வருஷத்தில் வெளிநாட்டுக்காரர் ஒருவர்
அந்த வரிசைக்கு வருவது இதுதான் முதல் தடவை.

தாளில் அடித்தேன்.
சீலைக் குத்தினால் பாதி வட்டம்தான் விழுந்தது.
எல்லாம் மெயிலில் போய்ப் போய்
மைப்பெட்டி காய்ந்து கிடந்தது.
கீழே ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டதும்
லிண்டோவை அனுப்பினேன்,
நீல மை வாங்கி வர.