சவர்க்கார நுரை

ரிமோட்டில் பதினெட்டு.
சுவரில் தொங்கும் வெப்பமானியில் இருபத்தொன்பதரை.
இரண்டில் ஒன்று பொய்.
எது என்று பட்டர் ஐசிங்குக்குத் தெரிந்திருந்தது:
மூன்றாம் தட்டு ரோஜாக்கள்
இரண்டாம் தட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தன.

நிந்தவூரில் யூலை.
கச்சான் வயல்வெட்டையைத் தாண்டி வந்து
ஜன்னல் கம்பியைச் சுடவைத்துவிட்டு
கடலுக்குப் போகிறது.
சனிக்கிழமை மாளிகைக்காட்டில் கல்யாணம்.
கேக்கு என்னுடையது.

"கேஸ் இறங்கிட்டு ராத்தா" என்றான் ஜெஸீல்,
மூடியைக் கூடத் திறக்காமல்.
மே மாதமும் இதையேதான் சொன்னான்.
பன்னிரண்டாயிரம், துண்டு இல்லை,
இருபது நாள் குளிர்.
ஜூனில் இன்னொரு பன்னிரண்டாயிரம்.

அடுப்புக் கேஸ் எரியும், முடியும்.
இது மூடிய குழாய்க்குள் சுற்றுறது.
எங்க போகும் என்று கேட்டேன்.
கூரையைப் பார்த்தான்.
"சூட்டுக்கு, ராத்தா."

கல்முனையிலிருந்து கஜரூபன் வந்தார்,
சட்டைப் பையில் கம்பெனிப் பெயர்,
கையில் ரசீதுப் புத்தகம்.
வெளிப்பெட்டியில் காதை வைத்துக் கேட்டார்,
டொக்டர் மாதிரி.
கொம்பிரஸர் போயிட்டு.
தொண்ணூற்றையாயிரம். பாதி இப்போதே.
கழற்றுற பழையதை என் கையில் தருவீங்களா என்றேன்.
புத்தகம் தானாக மூடிக்கொண்டது.
"யோசிச்சிட்டு எடுங்க, அக்கா."

அன்றிரவு மகனைப் படுக்கவைத்துவிட்டு
கோப்பை கழுவும் திரவத்தைத் தண்ணீரில் அடித்தேன்,
முட்டை வெள்ளைக்கரு அடிக்கிற பதத்துக்கு.
பாணுக்கு முட்டை பூசும் தூரிகை.
வாயில் டோர்ச்.
கொல்லைப் பக்கம் வெளிப்பெட்டியின் இரண்டு நட்டுக்கும் பூசினேன்:
நுரை நுரையாகவே கிடந்தது.
உள்ளே வந்து மேசைமேல் ஏறி
வெள்ளை டேப்பைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தேன்.

சுவரில் அந்த எண்ணெய்க் கறை.
மாஜரின் என்று நினைத்து
எத்தனை தடவை துடைத்திருப்பேன்.

பூசினேன். பார்த்திருந்தேன்.
நட்டின் கழுத்தில்
ஒரு கடுகு.
பிறகு மிளகு.
உடைந்தது.
மறுபடி கடுகு.
கம்பிப் பதம் வருமுன்
சீனிப்பாகு இப்படித்தான் குமிழ் விடும்;
அவசரமே இல்லாமல்.

காலையில் ஜெஸீலைக் கூப்பிட்டேன்.
ஏசவில்லை. தூரிகையைக் கையில் கொடுத்தேன்.
பூசினான், பார்த்தான்,
முகம் கறுத்தது.
"குமிழ் பாக்க எங்க நேரம் ராத்தா,
ஒரு நாளைக்கு ஏழு வீடு."
உண்மைதான் போல. இருந்தாலும்
கூலி தருவேன், கேஸுக்குத் தரமாட்டேன் என்றேன்.
தலையாட்டினான்.
செப்புக் குழாயின் வாயை வெட்டிக் காட்டினான்,
வெடித்த உதடு மாதிரி இருந்தது.
"இது என்ட வேலயில்ல.
முதல் போட்ட ஆள் சரியா விரிக்கல்ல.
யாரு போட்ட?"

தெரியாது என்றேன்.

புது வாய் விரித்து, புது நட்டுப் பூட்டி,
பம்பு வைத்து அரை மணித்தியாலம் காற்றை உறிஞ்சி,
பிறகுதான் கேஸ்.
திரும்ப நுரை பூசச் சொன்னேன்.
இரண்டு பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்திருந்தோம்.
ஒன்றும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து
ராத்தாவின் மாப்பிள்ளை இல்முதீன் மச்சான் வந்தார்.
ஏசிக்கு நேர்கீழே கதிரையை இழுத்துப் போட்டு
தொப்பியைக் கழற்றினார்.
"பாரு, என்னா குளிர்!
நான் போட்டது. மூணு வருசம்.
அஞ்சு சதம் கூலி வாங்கினனா?"

வெப்பமானியில் இருபத்திரண்டு.
ரோஜாக்கள் தங்கள் தட்டில் நின்றன.
நான் இலை வரைந்துகொண்டிருந்தேன்,
மாற்றுவதற்கு வைத்த பைப்பிங் முனை
பல்லுக்கிடையில்.
நல்ல வேளை, பேச முடியாது.

கேக்கு ஓரத்தில் வெட்டிய துண்டொன்றை
அவர் பக்கம் தள்ளினேன்.
சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:
"பக்கத்து வீட்டு ஸுலைஹாவும் ஏசி வாங்குறாவாம்.
நானே போட்டுக் குடுக்கிறன் எண்டு சொல்லிட்டன்."

முனையை வாயிலிருந்து எடுத்தேன்.