ஊக்கு

தால்காவானோ துறைமுகத்துக்கு மேலே
குன்றுத் தெருக்களில்
பதினேழு வருடமாகச் சோடா லாரி ஓட்டுகிறேன்.
நசுங்கிய புட்டிகள் எனக்கு இலவசம்.
தாய்ப்பாலுக்கு அடுத்து என் மகன் அமாரோ குடித்தது
அந்த நசுங்கல்களைத்தான்.

சுகாதார நிலையத்தில் தாதி
எடைக்கருவியின் எண்ணை வாய்விட்டுப் படித்தாள்.
வரிசையில் அவன் வகுப்புப் பெண் ஒருத்தி.
திரும்பும் பேருந்தில்
ஜன்னலுக்கு வெளியே எதையோ
விழுங்கிக்கொண்டே வந்தான்.

அன்றிரவே சட்டம் போட்டேன்.
அலமாரிக்குப் பூட்டு. சாவி என் கழுத்தில்.
ரொட்டி ஆளுக்கு ஒன்று.
பிஸ்கட் பொட்டலத்தின் கறுப்பு எண்கோணங்களை
ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன்:
சர்க்கரை அதிகம், கொழுப்பு அதிகம், உப்பு அதிகம்.
"தெரியும்பா. எனக்கும் படிக்கத் தெரியும்."

ஒரு வாரம் தாங்கியது.
வியாழனன்று மெத்தையைத் தூக்கினால்
ரொட்டித் துணுக்கு, அதைச் சுற்றி எறும்புப் படை.
கத்தினேன்.
கத்திய வேகத்தில் வாயில் வந்தது
அந்தப் பெயர்: கோர்தோ.

எங்கள் நாட்டில் அது வசவில்லை.
குண்டா என்று பொருள்; கண்ணே என்றும் பொருள்.
யாஸ்னா என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்,
நான் அவனை,
ரொட்டிக்கடைக்காரர் எங்கள் இருவரையும்.
கொஞ்சலுக்குள் கிடந்த கல்
அவன் பல்லில் கடிபடும் சத்தத்தை
அன்றுதான் கேட்டேன்.

மறுநாள் துணி ஊறவைக்கும்போது பார்த்தேன்,
பள்ளிக் கால்சட்டையில்
பொத்தான் இருந்த இடத்தில் ஓர் ஊக்கு.
வளைந்துபோன ஊக்கு.
உள்துணியில் காய்ந்த ரத்தம், கடுகளவு.
எத்தனை நாள் குத்தியதோ.
யாரிடமும் சொல்லாமல்
கணக்கு வகுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான்.

மீன் ஆலையில் இரவு வேலை முடிந்து வந்த யாஸ்னா
அதை வாங்கிப் பார்த்தாள்.
பிறகு என் இடுப்பைப் பார்த்தாள்,
ஆணி வைத்து நானே குத்திக்கொண்ட
பெல்ட்டின் கடைசி ஓட்டையை.
ஒன்றும் சொல்லவில்லை. கெட்டில் வைத்தாள்.

பூட்டைக் கழற்றி லாரிக் கருவிப்பெட்டியில் போட்டேன்.
பெயரைக் கழற்றுவதுதான் கடினம்.
நாக்கு பழகிய தடத்தில் போகும் வண்டி,
கியர் மாற்றுவதற்குள் பாதித் தெரு போய்விடும்.
"கோர்..." என்று தொடங்கி "அமாரோ" என்று முடிப்பேன்.
(யாஸ்னா மட்டும் என்னை இன்னும் அப்படியே கூப்பிடுகிறாள்.
எனக்கு வேண்டும் அது.)

ஞாயிற்றுச் சந்தையில் பையை அவனிடமே கொடுத்தேன்.
கடற்பாசிக் கட்டை மோந்து பார்த்து
"டயர்" என்றான். வாங்கவில்லை.
தக்காளி, பரங்கித் துண்டு, பருப்பு, வெங்காயம்.
வெங்காயத்தை இறகு இறகாக அரியத் தெரிந்திருந்தது.
எங்கே கற்றானோ, நான் கேட்கவில்லை.

எங்கள் மாலை உணவுக்குப் பெயர் பதினொன்று.
ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை; உண்பது ஏழரைக்கு.
தேநீர், ரொட்டி, வெண்ணெய், மறுபடி ரொட்டி.
இப்போது நடுவில் அவன் அரிந்த தட்டு.
ரொட்டியை யாரும் எண்ணுவதில்லை.

புதனன்று மெத்தைக்கடியில் மீண்டும் துணுக்குகள்.
பெருக்கித் தள்ளினேன்.
எறும்புகளைத் தவிர யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை லாரியில் உடன் வந்தான்.
நூற்றுப் பன்னிரண்டு படி,
ஃப்ரேசியா அம்மாள் கடைக்கு நான்கு பெட்டி.
மூன்றாவது வளைவில் இருவருக்கும் மூச்சு வாங்கியது,
எனக்குக் கொஞ்சம் அதிகமாக.
அவர் இரண்டு குளிர்ந்த புட்டிகளைத் திறந்து நீட்டினார்.
அவனும் குடித்தான்.
பாதியில் நிறுத்தி மூடியைத் திருகினான்.
லாரியில் கொண்டுவந்து வைத்தான்.

இறங்கும் வழியில் அந்தப் பாதியை
நான் குடித்துவிட்டேன்.

பார்த்துவிட்டான். பெல்ட்டையும் பார்த்தான்.
"அப்பா, உங்களுக்கு ஒரு ஊக்கு வேணுமா?"

சட்டைப் பையில் வைத்திருந்தான்,
நிஜமாகவே.