டம்ளருக்கு அடியில்

துகள்கற்றை நீலமாய்ப் பாய்ந்தது என்றேன்.
வில்லாபுரம் ஹவுசிங் போர்டு, இரண்டாம் மாடி,
ஞாயிறு மதியம்.
விண்கல வரைபடம் பறக்காமலிருக்க
நான்கு மூலையிலும் பரோட்டாப் பொட்டலம்.

"வெற்றிடத்துல நீலமும் தெரியாது, சத்தமும் கேக்காது"
என்றாள் ஃபௌசியா.
வாரத்தில் ஆறு நாள் புற்றுநோய்ப் பிரிவில்
கதிர் எந்திரத்தை இயக்குகிறவள்.
என் விதிப்புத்தகம் சொன்னது:
ஆறுமுகப் பகடை நான்கு,
விழுந்ததைக் கூட்டி உயிர்ப்புள்ளியில் கழி.
"கத்திக்குத்தா இது, கழிக்கிறதுக்கு?"

புரோட்டான் தோலோடு பெரிதாய்ச் சண்டை போடாதாம்.
பெரியாரில் ஏறிய கூட்டம்
வழியில் ஒன்றிரண்டாய் இறங்கி
மாட்டுத்தாவணியில் மொத்தமாய்க் கொட்டுகிற மாதிரி
நிற்கப்போகும் ஆழத்தில்தான் இறக்குமாம்.
"இரும்புக் கவசமெல்லாம் வேணாம்,
தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கணும்."

ஒளியவில்லை.
அடிபட்டது தெய்வேந்திரனின் ஆள்,
எந்திர அறை மெக்கானிக், பெயர் ஒச்சப்பன்.

மருந்துக்கடை ரசீதின் பின்பக்கம் அவள் எழுதினாள்:
இரண்டு மணிக்குள் வாந்தி.
பிறகு களைப்பு.
மூன்றாம் நாளிலிருந்து இரண்டு வாரம், ஒன்றுமில்லை.

"ஒண்ணுமில்லன்னா?"
"பசிக்கும். சிரிப்பான். வேலை பார்ப்பான்.
எலும்புக்குள்ள புது ரத்தம் ஊறுறது நின்னிருக்கும்.
பிழைக்கலாம். பிழைக்காமலும் போகலாம்."

எவ்வளவு வாங்கினான் என்று கேட்டான் தெய்வேந்திரன்.
வேலை நேரத்தில் அவள் சட்டையில் ஒரு பேட்ஜ் இருக்கும்.
மூன்று மாதத்துக்கொரு தடவை பார்சலில் போகும்,
வாங்கிய அளவு பிறகு தாளில் வரும்.
"எனக்கே இன்னைக்கு வரைக்கும் எவ்வளவுன்னு தெரியாது.
அவனுக்கு மட்டும் உடனே தெரியணுமா?"

அதனால் பகடைகளை எவர்சில்வர் டம்ளரில் குலுக்கி
பரீட்சை அட்டைமேல் அப்படியே கவிழ்த்தேன்.
மூன்று ஞாயிறு கழித்துத் தூக்குவதாகப் பேச்சு.

வழக்கமாய் அலட்டுகிறவன் தெய்வேந்திரன்.
அன்று ஒச்சப்பனை மெதுவாக நடத்தினான்.
வாயைத் துடைத்துக்கொண்டு
கசிந்த வால்வுக்கு வாஷர் மாற்றினான்.
சண்டை நடக்கும்போதே
பயிர் அறைக்குப் போய்த் தக்காளி நட்டான்.
"காய்க்க எத்தனை நாள்?"
எழுபது என்றேன்,
சொன்னபிறகுதான் ரசீதைப் பார்த்தேன்.

புதன் காலை, காபிக்கு டம்ளர் ஒன்று குறைகிறதென்று
தேடினாள் என் மனைவி.
அலமாரிமேல் அட்டையில் கவிழ்ந்து கிடந்ததை
எடுக்கக் கை நீட்டியவளிடம்
"தொடாத, உள்ள ஆள் இருக்கான்" என்றேன்.
என்னை ஒரு பார்வை பார்த்தாள்.
பிறகு கரண்டியால் மெல்ல ஒரு தட்டு தட்டி
காதை வைத்தாள்.