மூன்று கலுங்குகள்

நாகர்கோவில். கலெக்டர் ஆபீஸ் பின்கட்டிடம், மாடி.
ஜெனரேட்டர் பக்கத்தில் எனக்கொரு மேசை.
எல்லாத் துறை டெண்டரும்
ஒரே இடத்தில் தெரிய வேண்டும், இதுதான் வேலை.
அறிவிப்பு, விலைப்புள்ளி, ஒப்பந்தம், அளவுப் புத்தகம், பில்:
ஐந்து அட்டவணை,
ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு.

வெள்ளைப் பலகையில் அதை வரைந்த அன்று
நானே கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன்.
அழகாகத்தான் இருந்தது.
எழுதியதை யாரும் அழிக்க முடியாது.
திருத்தினால் திருத்திய கை தெரியும்.
பிற்பகல் மூன்று மணிக்கு மூடும் பெட்டி
மூன்று மணி ஒரு நொடிக்குத் திறக்காது,
யார் போன் போட்டாலும்.

பிறகு பழைய கோப்புகள் வந்தன.
இந்த மாவட்டத்தில் வருஷத்துக்கு இரண்டு மழை,
காகிதத்துக்கும் இரண்டு.
ஈரம் குடித்த பக்கங்களில் ஒரே காண்டிராக்டர்
த. எட்வின்சிங், எட்வின் சிங் த., டி.எட்வின்சிங்,
ஒருமுறை திருமதி எட்வின்சிங்.

ஆகவே ஒரு விதி எழுதினேன்.
ஊர் ஒன்று, நீளம் ஒன்று, ஆண்டு ஒன்று, ஆள் ஒன்று எனில்
வேலையும் ஒன்று.
பதினோராயிரம் வரிசைகள் உள்ளே போய்
எட்டாயிரத்துச் சொச்சமாய் வெளியே வந்தன.
நடுவில் ஒன்று சிவப்பாய் நின்றது.

வேர்கிளம்பி பக்கம், சானல்கரை.
ஊராட்சிக்கு அது கலுங்கு.
நெடுஞ்சாலைக்குச் சிறுபாலம்.
பொதுப்பணிக்குக் கல்வெர்ட்.
அதே எட்வின்சிங். அதே நான்கு மீட்டர். அதே வருஷம்.
மூன்று பில்.

பிடித்துவிட்டேன் என்றேன், சத்தமாகவே.
கணக்குப் பிரிவில் இருந்து ஆக்னஸ் புஷ்பம் எழுந்து வந்து
திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"நேர்ல போயிப் பாத்தியா மோளே?"

போனேன்.
ஓவர்சியர் வில்பிரட்டின் பைக்.
மழைக்கோட்டு ஒன்று, ஆள் இரண்டு.
முதலாவது வளைவிலேயே இருந்தது,
கீழே சானல் சுழித்து ஓட
கைப்பிடிச் சுவரில் யாரோ மறந்துபோன சோப்புப்பெட்டி.
அரை பர்லாங்கில் இரண்டாவது.
அதே நான்கு மீட்டர், அதே சிமெண்ட் நிறம்.
நான் ஒன்றும் பேசவில்லை.
என் விதி விழுங்கிய பாலத்தின் மேல்
மீன்காரர் ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்துபோனார்.

மூன்றாவது?
"இருக்கு, வாங்க."
வாழைத்தோட்டம் தாண்டி
பைக் போகாத இடத்தில் நின்றது.
டேப் வைத்தே அளந்தேன், நான்கு மீட்டர்.
கம்பி, கலவை, எல்லாம் அளவுப் புத்தகத்தில் உள்ளபடி.
அடியில் தண்ணீர் இல்லை.
இருபுறமும் சாலை இல்லை.
கட்டிப்போட்ட ஆடொன்று
மழைக்கு அதன் கீழ் ஒதுங்கி
எங்களைப் பார்த்து அசைபோட்டது.

"ரோடு வரும்னு சொன்னாவ.
சானலைத் திருப்புவோம்னும் சொன்னாவ.
கலுங்கு மட்டும் வந்துட்டு."

திரும்பி வந்து அட்டவணைகளைத் திறந்தேன்.
விலை சரி, தேதி சரி, கையொப்பம் சரி.
பொய்யென்று சொல்ல ஒரு கட்டமும் இல்லை.
உண்மையைச் சொல்லவும் இல்லை.

விதியை உடைத்தேன்.
இப்போது அது எதையும் சேர்ப்பதில்லை.
ஒன்றுதானா என்று கேட்கும்,
இடத்துக்குப் போன ஆள் பதில் போடும்வரை
காத்துக் கிடக்கும்.
கூடவே ஒரு பத்தி: குறிப்பு.

எண்ணும் இல்லை தேதியும் இல்லை,
கூட்ட முடியாது, எதற்கு இது
என்றது சென்னையில் இருந்து வந்த ஆய்வுக் குழு.
நியாயமான கேள்வி.
பதில் இல்லாமலே வைத்துக்கொண்டேன்.

முதல் பதிவு வில்பிரட் போட்டது,
எழுத்துப்பிழையோடு.
திருத்தக் கை போனது. அழியாது,
நான்தானே கட்டினேன்.

"வேலை முளுமை. தண்ணி வரத்து இல்லை.
ஆடு நிக்கிது."