வாக்களிக்காதோர்

பெட்டியைக் கவிழ்த்ததும் முதலில் விழுந்தது மணல்.
அப்புறம்தான் சீட்டுகள்.
"அறுபத்தொண்ணு, ஓலைத்துறை" என்று கூவினார்
சீனி அபுபக்கர், அரக்கைப் பார்க்காமலே.
அடுத்த கூடத்தில் முதுகுளத்தூர்ப் பெட்டிகள்.
அவற்றின் அடியில் கரிசல் ஒட்டியிருக்கும்.
மணல் விழுந்தால் கிழக்கு.

இராமநாதபுரம், பள்ளிக்கூடத்துப் பெரிய கூடம்.
புயலுக்கப்புறம் வந்த முதல் தேர்தல்.
ஏணியோடு ஏணி, தராசோடு தராசு,
ஐம்பது ஐம்பதாக நூல் சுற்றி அடுக்கினோம்.
இரண்டு சின்னத்துக்கும் நடுக்கோட்டில்
குத்தியிருந்தான் ஒருவன்.
தாசில்தார் அவனை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து
செல்லாது என்றார்.
வெளியே வேட்டுப் போட்டார்கள்.
எங்களுக்கு இன்னும் ஒன்பது பெட்டி பாக்கி.

என் வேலை படிவம் நிரப்புவது.
மாவட்டக் கணக்குக்குப் போகும் படிவம், சாவடி வாரியாக:
மொத்த வாக்காளர். பதிவானவை. செல்லாதவை.
கடைசிக் கட்டம், வாக்களிக்காதோர்.
கழித்தால் வந்துவிடும், யோசிக்க வேண்டியதில்லை.

ஓலைத்துறை துவக்கப்பள்ளி, தெற்குப் பார்த்த ஓட்டுக் கட்டடம்.
எழுநூற்றுப் பன்னிரண்டு.
பதிவானது நானூற்று ஆறு.
கழித்தேன். முன்னூற்று ஆறு.

கை நின்றது. பட்டியலைப் புரட்டினேன்.
வந்தவர் பெயருக்கெல்லாம் அடியில்
சிவப்புக் கோடு இழுத்திருந்தார் ஞானதிரவியம் வாத்தியார்.
வடக்குத் தெருவில் கோடே இல்லை.
கதவு எண் நான்கு: சவேரிமுத்து, நாற்பத்தொன்று.
பிரகாசி, முப்பத்தாறு.
கதவு எண் ஐந்து: அந்தோணிப்பிள்ளை, இருபத்திரண்டு,
அதுதான் அவனுக்கு முதல் ஓட்டாக இருந்திருக்கும்.
கதவு எண் ஆறு, ஏழு, ஏழு பார் ஒன்று.
"கதவு ஏது அங்க?" என்றார் அபுபக்கர்,
"ஆள் மட்டத்துக்குத் தண்ணி நிக்கிது."

நீக்கியிருக்கலாமே என்பீர்கள்.
நீக்க மரணச் சான்று வேண்டும்.
சான்றுக்கு உடல் வேண்டும்.
கடல் உடலைத் தரவில்லை.
திருத்தப் பணிக்குப் போன வருஷம் நானேதான் போனேன்.
தகரக் கொட்டகைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த வியாகுலம்
என் பேனாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"இதுலயும் அடிச்சிட்டா
அப்புறம் அந்த மனுசன எதுல தேடுறது?"
'விசாரணை நிலுவை' என்று எழுதி
மூடியைத் திருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது அவள் பெயருக்கு அடியில் சிவப்புக் கோடு.
மேல் வரியில் அவள் புருஷன், வெறுமனே.

இந்த முன்னூற்று ஆறில்
கடலோடு போனவர் எத்தனை,
பிழைப்பு தேடி மண்டபம் போனவர் எத்தனை,
அன்றைக்கு மீன்பாடு நல்லாயிருந்ததென்று
வராதவர் எத்தனை,
அதற்குக் கட்டம் இல்லை.

மறுநாள் பேப்பரில்,
'கடலோரக் கிராமங்களில் ஆர்வம் குறைவு.'
அரண்மனை வாசல் டீக்கடையில் ஒருத்தர் சத்தமாக வாசித்து
"வலைக்காரப் பயலுகளுக்கு ஓட்டோட அரும எங்க தெரியிது" என்றார்.
டீ சூடாக இருந்தது. ஊதி ஊதிக் குடித்தேன்.

வெற்றி வித்தியாசம் நாலாயிரத்துச் சொச்சம்.
வடக்குத் தெரு மொத்தமும் எழுந்து வந்திருந்தாலும்
ஒரு நாற்காலி நகர்ந்திருக்காது.
இதைப் பல ராத்திரி
எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

மாவட்ட முடிவு சென்னைக்குப் போய்
மூன்று வாரத்தில் ஒரு கடிதம் திரும்பி வந்தது:
'சாவடி 61. பதிவு 57.02 சதவீதம்.
குறைவுக்குக் காரணம் தெரிவிக்கவும்.'

ஒரு வரிதான் இடம் விட்டிருந்தார்கள்.

வானிலை, என்று எழுதி அனுப்பினேன்.

ஓட்டுப் போட்ட அன்றைக்குக் காற்றே இல்லையாம்,
கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்ததாம், வாத்தியார் சொன்னார்.
யாரும் திருப்பிக் கேட்கவில்லை.